கிணற்றில் மிச்சம்

புன்னாலைக்கட்டுவன். வைகாசி வெயில்.
ஆய்வுகூடத்துப் பிள்ளை அர்ச்சிகா
கிணற்றில் போத்தலை இறக்கி,
என் பெயரை ஒட்டிக் கொண்டுபோனாள்.

நைத்திரேற்று, அளவுக்கு மேல்.

வெங்காயம் தனக்கு வேண்டியதைத்தான் எடுத்தது.
அந்தர் கணக்கில் எறிந்தது நான்.
மிச்சம் செம்பாட்டில் தங்கவில்லை.
சுண்ணக்கல்லின் பொந்து பொந்தாய் இறங்கி,
எல்லைக்கல்லை மதியாமல்
இராசநாயகத்தின் கிணற்றிலும் ஊறியிருக்கும்.
அவனோடு எனக்குக் கதை பேச்சு இல்லை.

பம்பைப் போடுகிறேன்.
வாய்க்காலில் ஓடுகிறது
போன போகத்து யூரியா,
கடைக்காரன் கொப்பியில் இன்னும் வெட்டாதது.
காசு கேளாமல்
பாத்தி பாத்தியாய்த் திரும்பிப் பாய்கிறது.
இந்தமுறை பை குறைக்கலாம்.
பூவரசங்குழை தாழ்க்கலாம்.

குசினியில் மருமகள்
பிள்ளைக்குப் பால்மா கரைக்கக்
கேத்தலை நிரப்புகிறாள்.
கொதித்தால் சரியாம்.

கொதிக்கக் கொதிக்க அது செறியும்.

பிளக்கைப் பிடுங்கினேன்.
ஏன் மாமா என்றாள்.