இதர

முப்பதாம் நம்பர் டிரில் பிட் ஒரு டஜன் கேட்டேன்.
மூணேகால் எம்எம் எடுத்து வைத்தார் சேக்கப்துல்லா.
இது இல்ல பாய், அது மூணு புள்ளி இரண்டு ஆறு.
கண்ணாடியைக் கழற்றினார்.
மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்காக
செக்காலை ரோட்டில் மல்லுக்கு நின்ற
முதல் ஆள் நான்தானாம்.
"எதுக்கும்மா?"
தகட்டுல ஓட்டை போட.
பொய்யில்லை.

சீட்டைத் தள்ளி எடுத்தேன்,
பதினெட்டாயிரம் கழிவு.
நகைக்கடைக்குக் கணக்கெழுதும் அதே பேனாவால்
எனக்கும் ஒரு பேரேடு:
ரிவெட் துப்பாக்கி ஒன்று.
கம்ப்ரசர் ஒன்று, பழசு,
பள்ளத்தூரில் மூடிப்போன பெயின்ட் ஷெட்டில்
டேங்கைத் தட்டித் தட்டிக் கேட்டு வாங்கியது.
தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிக்கோ நானூறு,
செப்பு நிறம் பெரிய துளைக்கு, வெள்ளி சின்னதற்கு.
பெல்காமில் ஒருவர்
பாதி விமானத்தோடு கைவிட்டவை.
பிஸ்கட் டின் மூடியில் அவர் கையெழுத்து:
வேலை முடிந்ததும் எண்ணவும்.
ஏன் சார் விட்டீங்க என்று போனில் கேட்டேன்.
கொஞ்ச நேரம் இருமினார்.
"கதவு சின்னது."

அன்றைக்கே புதுவயலுக்குப் போய்
வாடகைக்குப் பேசியிருந்த நெல் கிட்டங்கியின்
கதவை அளந்தேன்.
லாரி பின்பக்கமாக நுழையும் கதவு.
இருந்தும் இரண்டு முறை அளந்தேன்.

தவிடு. சுவரில் தவிடு, ஆணித்தலையில் தவிடு,
பெருக்கிய இடத்தில் மறுநாள் அதே தவிடு.
பன்னிரண்டடி மேஜை போட்டு
கொத்தனாரின் டியூபில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்த்தால்
தரை கிழக்கே ஒன்றரை விரல் சரிகிறது.
நாற்பது வருஷமாக மூட்டைகளுக்கு
அது தெரிய வேண்டியிருக்கவில்லை.
கால்களுக்கு அடியில் இரும்புத் துண்டு செருகினேன்,
எடுத்தேன், ராவினேன், செருகினேன்.
இறக்கை இந்த மேஜையில்தான் பிறக்கும்,
மேஜை முறுகினால் அதுவும் முறுகும்.

கம்ப்ரசரை இறக்க வந்த சூசை
முதுகைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"இனி வர்ற சாமான் என்ன வெயிட்டு?"
எல்லாம் சேர்த்து முந்நூறு கிலோ.
"நாலு மூட்ட நெல்லு" என்றார் உடனே.
"ரெண்டு ஆள் போதும்."
பிறகு என்ன சாமான் என்று சொன்னேன்.
"அப்ப ஆளே வேணாமே."

மின்வாரியத்திலிருந்து வந்தவருக்குச்
சிரிப்பு வரவில்லை.
மூணு பேஸ் மனுவில் 'பயன்பாடு' என்றொரு கட்டம்.
அரிசி ஆலை? இல்லை.
லேத்? இல்லை.
வெல்டிங்? கொஞ்சம்.
விற்பனைக்கா? இல்லை, எனக்கு.
பேனாவை உதறினார், பழைய மனுக்களைப் புரட்டினார்,
பக்கத்து ஆலையில் நெல் அவியும் வாசம் வந்தது.
கடைசியில் அவர் எழுதியது:
இதர.
கையொப்பம், முத்திரை, தேதி.

முதல் வேலை ஒரு துண்டுத் தகடு.
ஒன்பது ரிவெட் அடித்தேன்.
ஏழின் தலை கோணல்,
சந்தையில் மிதிபட்ட காளான் மாதிரி.
ஏழையும் துளைத்து எடுத்தேன்.
எடுத்ததில் துளைகள் அகன்றுபோயின.
கோயம்புத்தூருக்குச் சொல்லிவிட்டு
பதினோரு நாள் கழித்துப் பாய் வரவழைத்துக் கொடுத்த
மூணு புள்ளி இரண்டு ஆறும்
அவருடைய மூணேகாலும்
அந்தத் தகட்டில் இப்போது ஒன்றுதான்.

பேரேட்டில் எழுதினேன்: தகடு, ஒன்று, வீண்.
கிளிக்கோக்களை எண்ணி டின்னில் போட்டேன்.
முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
விளக்கை அணைக்கப் போனவள்
டார்ச்சோடு மேஜைக்கடியில் ஊர்ந்துகொண்டிருக்கிறேன்.