மிச்சம் வைத்த ஓரடி

மாட்டுங்கா மேம்பாலத்தடியில்
காம்ப்ளேவும் நானும்.
தலைக்கு மேல் லாரிகள்.

ராணிகள் பன்னிரண்டாம் நகர்த்தலிலேயே போயாயிற்று.
பிறகு குதிரைகள், யானைகள்.
நடுப்பலகையில்
அவன் சிப்பாயும் என் சிப்பாயும்
முட்டிக்கொண்டு நிற்கின்றன,
தாதரில் ரயில் வாசலில்
இறங்குகிறவனும் ஏறுகிறவனும் போல.

இனி ராஜாவை நகர்த்துகிறவன் தோற்பான்.
சும்மா இருக்கவும் விதியில் இடமில்லை.
என் முறை.

காம்ப்ளே கண்ணாடியைத் துடைக்கிறான்,
துடைத்ததையே துடைக்கிறான்.
அவனுடைய ஓரச் சிப்பாய்
ஆரம்ப ஆத்திரத்தில் ஓடி வந்து
ஒரு கட்டம் எட்ட நிற்கிறது.

என்னுடையது இன்னும்
வைத்த இடத்தில்.
தொலைந்த காய்க்குப் பதிலாக வைத்த
சோடா மூடி.

இரண்டரை மணி நேரமாய் அதைத் தொடவில்லை.
ஒற்றை விரலால் தள்ளுகிறேன்,
ஒரே கட்டம்.
வழி அடைபட்டது.

காம்ப்ளே
மூடியையே பார்க்கிறான்,
இத்தனை நேரம் இதுவும்
ஆட்டத்தில் இருந்ததா
என்பதுபோல.