ஏழாம் நிமிடத்துச் சிறுமேடு

வால்டெசிர் சனெல்லாவின் பண்ணையில்
ஆயிரத்து நானூறு பன்றி மூக்குகள்.
சோளம், சோயா, கூடவே
கொஞ்சம் மஞ்சள் தூள்.
தின்ற மருந்தில் பாதிக்கு மேல்
வந்த வழியே போய்விடும்;
டெட்ராசைக்ளினுக்குக் குடல் ஓர் ஓரிரவுச் சத்திரம்.

கழிவுக் குட்டை கிடக்கிறது
ஆறி நாளான காப்பி நிறத்தில்.
அதற்குக் கீழே யூக்கலிப்டஸ் சரிவு,
சரிவுக்குக் கீழே ஓடை,
ஓடைக்குக் கீழே
யார் யாரோ.

நாங்கள் கொண்டுபோனதும் மஞ்சள் தூள்தான்,
யூரியாவை உலையில் வேகவைத்து எடுத்தது.
கண்ணாடிப் பலகைகளில் பூசி
வடக்கு பார்க்கச் சாய்த்தோம்.
சாண்டா கத்தரீனாவில் வெயில் வடக்கிலிருந்துதான் வரும்.
“மஞ்சளை மஞ்சளால் எடுப்பதா?”
என்றார் வால்டெசிர்.

ஆய்வகத்துக் குழாய்த் தண்ணீரில்
நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போயிற்று.
இவோனெட்டி கேக் வாங்கி வந்தாள்.
குட்டைத் தண்ணீரில்
பன்னிரண்டு.
கலங்கலுக்குள் ஒளி விரற்கடைகூட இறங்கவில்லை,
துக்க வீட்டு வாசலுக்கு வந்த கடன்காரன்போல
நின்றுவிட்டுத் திரும்பியது.
கேக் மிச்சம் இரண்டு நாள் மேசையிலேயே இருந்தது.

பிறகு மணல், பிறகு கரி.
வடிந்ததைத் தாள் கனத்துக்குப் பரப்பிப்
பலகைமேல் ஓடவிட்டோம்.
ஜூலை. மூன்று நாள் மூடுபனி.
வெயிலுக்கு விண்ணப்பப் படிவம் கிடையாது.
நான்காம் நாள் பதினொரு மணிக்குப்
பலகைகள் பளிச்சென்றன.
கொட்டிலில் ஒரு பன்றி தும்மியது.

நான் மருந்தைக் கண்ணால் பார்த்ததில்லை.
எனக்கு அது திரையில் எழும் ஒரு மேடு,
ஐந்தாம் நிமிடத்தில்.
பதினொரு மணிக் குப்பியில் குன்று.
ஒரு மணிக் குப்பியில் கரையான் புற்று.
மூன்று மணிக்கு,
இலையில் ஒட்டிய ஒற்றைப் பருக்கை.
ஆற்றில் போனாலும் அளந்து போகவேண்டும்;
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆனால் ஏழாம் நிமிடத்தில்
காலையில் இல்லாத இன்னொன்று.
சின்னது. என்னிடமுள்ள எந்தப் பட்டியலிலும்
அதற்குப் பெயரில்லை.
உடைந்ததன் துண்டா,
துண்டு போய் வேறெதையோ கட்டிக்கொண்டதா.

மறுவாரம் தாளோடு போனேன்.
வால்டெசிர் கையில் கட்டு.
கதவுக் கம்பி கீறி ஆறு வாரமாம்,
மூன்றாவது மாத்திரையும் கேட்கவில்லையாம்.
“எனக்குள்ளே இருக்கிற கிருமிக்குக்
காது போய்விட்டது” என்றார், சிரிக்காமல்.

தாளை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.
பெரிய மேடு கரைந்த இடத்தைத் தாண்டிச்
சின்னதின்மேல் விரல் வைத்தார்.
“செத்தது சரி.
இது யாருடைய பிணம்?”

பதில் சொல்லவில்லை நான்.
பலகைகளில் இன்னொரு சுற்று விடச் சொன்னேன்.
மணி மூன்றரை.
வடமேற்கில், மரங்களுக்கு மேல்,
இன்னும் ஒரு முழம் வெயில் இருந்தது.