மூன்றாவது சுழி

ஞாயிற்றுக்கிழமை, காந்தி வீதி நடைபாதையில்
செத்த ஹார்ட் டிஸ்க் அறுபது ரூபாய்.
"உள்ளே யாரோட கல்யாணப் போட்டோவோ இருக்கும்க்கா"
என்றான் கடைக்காரப் பையன்.
எனக்குக் காந்தம் போதும் என்றேன்.
சிரித்துவிட்டு ஐம்பதுக்குத் தந்தான்.

நட்சத்திரத் தலைத் திருகாணிகள்.
வீட்டிலிருந்த எந்த ஸ்குரூ டிரைவருக்கும் அடங்கவில்லை.
சைக்கிள் கடை எத்திராஜுலுவிடம் இரவல் வாங்கிய முனைக்கு
ஆறாவது திருகாணி கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது.
பிறை வடிவில் இரண்டு காந்தங்கள்.
ஒன்றையொன்று பாய்ந்து கடித்தபோது
நடுவில் என் சுண்டுவிரல் இருந்தது.

ஆஸ்பத்திரி லேபில் அசல் கருவி இருக்கிறது,
பத்து வருஷமாக நான் துடைத்து வைப்பது.
ஒரு ராத்திரிக்கு எடுத்து வந்தால் யாருக்கும் தெரியாது.
எனக்குத் தெரியும்.
அதனால் கூம்புக் குடுவையும்
மாத்திரை போன்ற வெள்ளைத் தண்டும்
அண்ணா சாலைக் கடையில் பில் போட்டு வாங்கினேன்,
அமலோற்பவி என்று முழுப்பெயரில்.

முதலில் பிஸ்கட் டின்.
காந்தம் மூடியில் போய் ஒட்டிக்கொண்டு
வரமாட்டேன் என்றது.
பிறகு பிளாஸ்டிக் டிபன் டப்பா.
பழைய கம்ப்யூட்டரின் விசிறியை உள்ளே நிறுத்தி
அதன் உச்சியில் காந்தத்தை ஒட்டி
மோடத்தின் பன்னிரண்டு வோல்ட் அடாப்டரைச் சொருகினேன்.
மையம் நூலளவு பிசகியிருந்தது.
டப்பா மேசைமேல் நடக்க ஆரம்பித்து
விளிம்பு வரை போய்
குதித்துவிட்டது.

பிய்த்து, காம்பஸ் வைத்துக் குறித்து, மறுபடி ஒட்டி.
வேகம் கூட்டினால் தண்டு பிடிவிட்டுத் தெறித்தது,
டக டக டக.
மேல்வீட்டு பாக்கியவதி எட்டிப் பார்த்தார்.
"தையல் மிஷின் வாங்கிட்டியா?"
"மாவு புளிக்க வைக்கிறேன்க்கா."
பாதிப் பொய்.

வைத்திக்குப்பத்தில் என் தெருவைச் சுற்றி மதுக்கடை நாலு.
நாலிலும் எனக்கொரு நாற்காலி இல்லை.
வேலை முடிந்த வெயிலில்
ஒரு கிளாஸ் பீருக்கு ஆசைப்பட்டால்
தம்பியை அனுப்பவேண்டும்,
பாட்டிலோடு அவன் பார்வையையும்
கைநீட்டி வாங்கவேண்டும்.
கடற்கரைச் சாலை ஓட்டலில் உட்கார விடுவார்கள்தான்;
அங்கே ஒரு கிளாஸ் என் அரைநாள் சம்பளம்.

ஒரு லிட்டர் தண்ணீர், நூறு கிராம் மால்ட்,
கொதித்து ஆறியது.
பெங்களூரிலிருந்து பஸ் பார்சலில் வந்த ஈஸ்ட்
ஐஸ் உருகி, பாதி உயிரோடு.
ஊற்றி, வாயை அலுமினியத் தாளால் மூடி,
ரெகுலேட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன்.
நடுவில் சின்னதாய் ஒரு பள்ளம்.
பள்ளம் ஆழமாகி,
சுழி.

என் தலையில் இரட்டைச் சுழி.
திண்டிவனத்திலிருந்து பெண்பார்க்க வந்த ஓர் அத்தை
பேன் பார்ப்பதுபோல் கூந்தலைப் பிரித்துப் பார்த்து
"ரெண்டு புருஷன் யோகமாச்சே" என்று
காப்பியை முடிக்காமல் எழுந்துகொண்டாள்.
ஒருத்தன்கூட வரவில்லை.
இது மூன்றாவது,
நானே போட்டது.

இரவு இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
சத்தம் நின்றதால் விழித்தேன்.
தண்டு அடியில் கிடந்திருக்கும்.
இருட்டில் குடுவையைக் கழுத்தோடு பிடித்து
மணிக்கட்டால் வட்டம் போட்டேன்,
கால்மணிக்கு ஒருதரம்,
கொசுவும் வியர்வையுமாக நாலு மணி வரை.
உள்ளே எத்தனை கோடியோ
பன் கடை வாசனையில் மூச்சு விட்டன.

காலையில் கஞ்சி நிறம்.
பீராவதற்கு இன்னும் இருபது நாள்.
கெட்டும் போகலாம்.
அதற்குமுன் தண்டை வெளியே எடுக்கவேண்டும்.
மிச்சமிருந்த காந்தத்தைக் கண்ணாடிக்கு வெளியே வைத்து
மெல்ல மேலே இழுத்தேன்.
அது என் விரலுக்கு நேரெதிரே
பல்லிபோல் ஏறி வந்தது,
கழுத்தருகே ஒருமுறை வழுக்கி,
பிடித்துக்கொண்டது மறுபடி.