மைக் கட்டப் போனவன்

டச்பாரில் ஒரு சனிக்கிழமை.
தேவாலயக் கூரைக்குக் காசு சேர்க்க
ஏதோ இசை நிகழ்ச்சி என்றார்கள்.
இரண்டு பெட்டி, நாலு மைக், ஒரு மிக்சர்.
ஆட்டோவில் ஏற்றும்போதே கணக்குப் பார்த்துவிட்டேன்:
ஒன்பதுக்கு முடிந்தால் பத்துக்கு வீடு.

திருவிழாவுக்குக் கட்டுகிறவன் நான்.
தேர்தலுக்கும் செத்தவீட்டுக்கும் கட்டுகிறவன்.
எனக்குத் தெரிந்த இசை
ஊசி சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது.

டெரன்ஸ் பல்தசார் வந்தார்.
எழுபத்துநாலு வயது. ஒரு முழங்கால் சொல்வழி கேட்காது.
மேடைக்கு இரண்டே படி,
இரண்டிலும் நின்று மூச்சு வாங்கினார்.
இவரா ஊதப்போகிறார் என்று
வயரை விரித்தபடி நினைத்தேன்.
நினைத்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

சக்ஸபோனின் கழுத்தடியில் ஒரு நெளிவு.
சுனாமியா சேர், என்றேன்.
"இல்ல மனே, வெலிக்கந்தையில பஸ்ஸால விழுந்தது."
கோயிலில் சீவாளி என்பார்களே, அதுபோல ஒன்றை
வாயில் ஊறப்போட்டுக்கொண்டே
டிரம்மில் இருந்த தபாற்கந்தோர்க்காரருக்கும்
ஓட்டமாவடிக் கிற்றார்ப் பையனுக்கும்
விரலால் தாளம் காட்டினார்.

"இது புளூஸ்" என்றார் மைக்கில்.
"சொன்னதையே திருப்பிச் சொல்லும். கோபிக்கவேணாம்."

சொன்னது.
அதையே திரும்பவும் சொன்னது,
ஆனால் இந்தமுறை ஒரு சுரத்தை நேராகத் தொடாமல்
கீழே நின்று எட்டிப் பார்த்தது.
மூன்றாவதாய் வந்தது மறுமொழி.
மறுமொழியுமில்லை,
வீட்டுக்குத் திரும்பி நடக்கிற நடை.

எனக்கு இது தெரியும்.
கச்சேரி ஜன்னலில் அம்மா இப்படித்தான்.
கோட்டைக்குள் இருக்கிற கச்சேரியைச் சொல்கிறேன்,
பாட்டுக் கச்சேரியை அல்ல.
அண்ணனின் பெயரைச் சொன்னாள்.
எழுதுவினைஞர் நிமிரவில்லை.
அதே பெயரைத் திரும்பவும் சொன்னாள்,
கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து.
பிறகு குடையை எடுத்துக்கொண்டு
பாலத்தால் நடந்தோம்.

வாவியில் மீன் பாடும் என்பார்கள்.
இருபது வருடமாய் இங்கே மைக் கட்டுகிறேன்,
ஒருநாளும் எனக்குக் கேட்டதில்லை.
ஆகவே அந்த உவமை வேண்டாம்.
இது மனிதன் ஊதியது. பொய்ப்பல் கட்டிய வாயால்,
சட்டை முதுகோடு ஒட்ட ஒட்ட ஊதியது.

அடுத்தது வேகமானது. ஜாஸ் என்றார்கள்.
பையன் ஓரிடத்தில் தவறான சுரத்தை விட்டான்.
கிழவர் கிறுகிப் பார்த்தார்,
அதே தவறை எடுத்து ஊதினார்,
ஊதி ஊதி அதற்கொரு வீடு கட்டி
பையனை வாசலில் நிறுத்திவிட்டு விலகினார்.
பையன் சிரித்த சிரிப்பு
மண்டபத்தின் கடைசிக் கதிரைக்கும் தெரிந்தது.

மூன்றாவதில் என்னைப் பார்த்துப் புருவத்தை இறக்கினார்:
குறை.
குறைத்தேன்.
இன்னும் குறை.
குறைத்தேன்.
ஒரு கட்டத்தில் விரல் தானாகவே
அடிமட்டத்துக்குப் போய்விட்டது.

பெட்டி செத்தது. ஒருவரும் திரும்பவில்லை.
மின்விசிறியின் கிறீச்சு, சுவருக்கு அப்பால் கடல்,
எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள்,
எல்லாவற்றுக்கும் இடம்விட்டு
நடுவில் அந்த ஒற்றைச் சுரம் நின்றது.
இரண்டு படிக்கு மூச்சில்லாதவர்
இதற்கு மட்டும் எங்கிருந்து எடுத்தார்?
எண்ணத் தொடங்கினேன். பதினெட்டில் விட்டுவிட்டேன்.
எண்ணிக்கொண்டிருந்தால் கேட்க முடியவில்லை.

முடிந்ததும் சங்கச் செயலாளர் ஒட்சூன் ஐயா
என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.
"சவுண்ட் இண்டைக்கு அந்தமாதிரி!"
நான் ஒன்றும் பேசவில்லை.

கிழவர் துவாயால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார்.
"எப்ப நிப்பாட்டினாய்?"
"மூண்டாவதில, சேர்."
"ம். அப்பதான் எனக்கும் கேட்டுது."

பெட்டிகளை ஏற்றினேன். மணி பதினொன்றரை.
கூலியில் பாதியைக் கூரைக்குக் கொடுத்திருக்கலாம்.
கொடுக்கவில்லை.
ஆட்டோக்காரன் காத்திருந்த காசும்
சேர்த்துக் கேட்டான்.