ஏ சொல்கிறார், பி சொல்கிறார்

தேர்வில் எப்போதும் இரண்டு பேர் வருகிறார்கள்.
டெக்னீஷியன் ஏ ஒன்று சொல்கிறார்.
டெக்னீஷியன் பி வேறொன்று சொல்கிறார்.
யார் சொல்வது சரி?
ஏ மட்டும். பி மட்டும். இருவரும். இருவருமில்லை.
நகக்கண்ணில் கிரீஸ் இல்லாத மனிதர்கள்.
அவர்கள் ஊரில் துருவே கிடையாது.

எங்கள் டுலூத்தில் ஐந்து மாதம்
கருவாட்டுக்குப் போடுவதுபோல் சாலைக்கு உப்புப் போடுவார்கள்.
மே மாதத்தில் அது என் கண்ணில் உதிரும்.
பதினாலு வருஷம் லைல் பிரெவிக்கின் ஷெட்டில்
மல்லாந்து கிடந்தவள் நான்.
எந்தப் போல்ட் திரும்பும், எது முறியும் என்று
ஸ்பேனர் வைக்குமுன்பே மணிக்கட்டுக்குத் தெரியும்.
மணிக்கட்டை
விண்ணப்பத்தோடு இணைக்க வழியில்லை.

மலைமேல், கண்ணாடிச் சுவர் டீலர்ஷிப்பில்
சர்வீஸ் மேனேஜர் கொரின் டாடிச்
கெட்டவள் இல்லை. காபி கொடுத்தாள்.
என் விரல்களைப் பார்த்து
"வேலை தெரிந்தவள்தான்" என்றாள்.
பிறகு பேனா முனையை
சான்றிதழ்கள் என்ற வெற்றுக் கட்டத்தில் வைத்தாள்.

"இந்த வாரம் ஒன்பது பேர் வந்தார்கள்.
ஒன்பது பேரும் பத்து வருஷம், பதினைந்து வருஷம் என்கிறார்கள்.
அதில் ஒருவன்
பவர் ஸ்டீயரிங்கில் பிரேக் ஆயிலை ஊற்றினான்.
எவன் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா?"

சரி, எட்டுத் தேர்வு.
துவைக்கும் மெஷின்மேல் புத்தகத்தை விரித்தேன்.
அது சுழலும்போது வரிகள் நடுங்கும்.
பிரேக் தேறினேன். சஸ்பென்ஷன், இன்ஜின், கியர்பாக்ஸ் தேறினேன்.
எலெக்ட்ரிக்கலில் கவிழ்ந்தேன்.

ஒரு ஹெட்லைட் மங்கல்.
விளக்கை எரியவிட்டு
எர்த் பக்கம் வோல்டேஜ் எவ்வளவு விழுகிறதென்று அள, என்கிறார் ஏ.
பல்பை மாற்று, என்கிறார் பி.
எர்த் போல்ட்டைச் சுரண்டித் திரும்ப முறுக்குவேன், என்கிறேன் நான்.
என்னை யாரும் கேட்கவில்லை.
எனக்கென்று கட்டமும் இல்லை.

கோபத்தில் ஒரு வாரம் புத்தகத்தைத் தொடவில்லை.
அப்புறம் ஒரு பழைய பியூக் வந்தது, இடது கண் மங்கி.
சுரண்டினேன். முறுக்கினேன். மங்கல்.
யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு
ஏ சொன்னபடி அளந்தேன்.
போல்ட்டிலிருந்து இரண்டடி தள்ளி
முழுசாய்த் தெரிந்த உறைக்குள்ளே
கம்பி பச்சைப் பொடியாகியிருந்தது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
ஹெர்மன்டவுன் தபால்காரர் ஆர்வித் ஸ்க்ரோக்
ஒரே விளக்குக்காக மூன்று குளிர்காலம் வந்தார்.
மூன்று முறை சுரண்டினேன்.
மூன்று முறையும் காசு வாங்கினேன்.
"இந்த உப்பு யாரை விட்டது" என்று
அவருக்கு ஆறுதல் வேறு.

இரண்டாம் முறை தேறினேன்.
ஏட்டுச் சுரைக்காய்க்கு இங்கே
மணிக்கு முப்பத்தெட்டு டாலர், பல்லுக்கும் இன்சூரன்ஸ்.
வாரன்டி வண்டிகளில் நேரத்தை வெட்டுகிறார்கள், அது வேறு கதை.
சட்டைக் கையில் நீல முத்திரை தைத்தாயிற்று.
ஐந்து வருஷத்தில் காலாவதி,
பால் பாக்கெட்டைவிடக் கொஞ்சம் கூடுதல்.
"காகிதம் காரை ஓட்டுமா" என்றார் லைல்.
ஓட்டாது என்றேன்.
தபால்காரர் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை.

முதல் சம்பளம் வந்த சனிக்கிழமை
மூன்றடி கம்பியோடு ஸ்க்ரோக் வீட்டுக்குப் போனேன்.
பனியில் மண்டியிட்டு மாற்றினேன்.
காரேஜ் கதவில் இரண்டு வட்டங்கள் விழுந்தன,
ஒரே வெளுப்பாக.

அவர் என் தோள் முத்திரையைப் பார்த்து
"இனி நீ விலை கூடியவளா?" என்றார்.
இது இலவசம் என்றேன். ஏன் என்று கேட்டார்.
நான்கு விடைகளும் வாய்வரை வந்தன.
குளிர்கிறது, உள்ளே போங்கள் என்றேன்.
உறைந்த மான்கறிப் பொட்டலம் ஒன்றை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன்.