நூறு சதவீதம்

துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல்
பழைய துண்டு ஒன்றை மடித்துப் போட்டு
நீ வைத்துவிட்டுப் போன சர்வர்
நேற்றிலிருந்து விக்குகிறது.

படக் கண்டெய்னர் எழுகிறது.
பதினோரு நொடி.
விழுகிறது.
எழுகிறது.
லாக்கில் ஒரே வரி, ஒரே வரி, ஒரே வரி:
இடமில்லை.

இடமில்லையா!
போன வருடம்தானே, ஹோக்னி,
அரைச் சம்பளத்தைக் கொட்டி
அந்தக் கறுப்பு டிஸ்கை வாங்கினாய்,
ஆயுசுக்கும் போதும் என்றாய்.
அதில் முக்கால் பங்கு இன்னும் வெறும் வெளி.
நிரம்பியிருப்பது உள்ளே இருக்கும் சின்னது,
சிஸ்டம் குடியிருக்கும் அறுபது ஜிபி.

நூறு சதவீதம் என்றது ஒரு கட்டளை.
ஃபோல்டர் ஃபோல்டராக எண்ணிய இன்னொன்று
இருபத்திரண்டுக்கு மேல் எதுவும் இல்லை என்றது.
மீன் ஆலையில் பதினாறு வருடமாக எடை எழுதுகிறவள் நான்.
தராசுகள் இரண்டு விதமாகச் சொன்னால்
பொய் தராசில் இல்லை,
பெட்டியின் அடியில் பனிக்கட்டி இருக்கும்.

"எல்லாத்தையும் அழி, புதுசாப் போடு"
என்றாள் பெர்க்தோரா, இடைவேளையில்,
ரொட்டியைக் கடித்தபடி.
இரண்டு கணவர்களை அப்படித்தான் சரிசெய்தாள் அவள்.

சொல்லிவிடுகிறேன், நான் கோபத்தில் இருந்தேன்.
மூன்று வாரம். உன் கப்பல் பேரண்ட்ஸ் கடலில்.
வார்டோவில் கரை தொட்டால் படம் அனுப்புவாய்.
பேச மாட்டாய், படம்தான் உன் பேச்சு.
தினமும் டிவியில் அந்த ஃபோல்டரைத் திறந்தேன்.
மார்ச் மூன்றோடு நின்றிருந்தது.
நானும் ஒரு வார்த்தை எழுதவில்லை.
கிளாக்ஸ்விக்கில் எனக்கும் மழை இருந்தது,
எனக்கும் வேலை இருந்தது.

மார்ச் மூன்று.
காற்று கம்பியை அறுத்து ஊர் இருண்ட இரவு.
அது உறைத்தபோது மணி இரண்டேகால்.

மின்சாரம் திரும்பியிருக்கிறது.
கறுப்பு டிஸ்க் சோம்பல் முறித்து எழுவதற்குள்
கண்டெய்னர் முந்திக்கொண்டிருக்கிறது.
டிஸ்க் வந்து உட்கார வேண்டிய வெற்று ஃபோல்டரை
டிஸ்க் என்றே நம்பி
எழுதத் தொடங்கியிருக்கிறது.
பின்னாலேயே வந்த டிஸ்க்
எல்லாவற்றின் மேலும் அமர்ந்துவிட்டது.
முழுப் பூசணிக்காய்,
மேலே நான்கு டிபி சோறு.

கண்டெய்னரை நிறுத்தினேன்.
டிஸ்கைக் கழற்றினேன், கேபிளில் அல்ல,
கட்டளையில்.
காலியாக இருக்க வேண்டிய ஃபோல்டரில்
நாற்பத்தொரு படங்கள்.

மூடுபனி. மூடுபனி. தளத்தில் விறைத்த கையுறை.
சமையல்காரனின் பிறந்தநாள் கேக், ஒரு பக்கம் சரிந்து.
மூடுபனி.
உன் இடது கை. இரண்டு விரலைச் சேர்த்து ஒரு கட்டு.
மறுநாள் அதே கை, கட்டு கொஞ்சம் சின்னதாக.
அதற்கு மறுநாள் கை இல்லை,
காப்பிக் கோப்பை மட்டும்.
ஆறிவிட்டது என்கிறாயா,
கேட்காதவளுக்குக் காட்டி என்ன என்கிறாயா?

கடைசியில் ஒரு வீடியோ. முப்பத்தைந்து ஜிபி.
இடத்தைத் தின்றது அதுதான்.
சட்டைப்பையில் அணைக்க மறந்திருக்கிறாய்:
இரண்டு மணி நேர இருட்டு,
எஞ்சின், துணி உரசல்,
ஒருமுறை உன் தும்மல்,
யாரோ உன் பெயரைத் தப்பாகக் கூப்பிடுவது,
நீ திருத்தாமல் போவது.

யாரைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் அழிக்கச் சொல்வார்கள்.

பெரிய டிஸ்குக்கு நகர்த்தினேன். கால் மணி நேரம் பிடித்தது.
பிறகு கண்டெய்னருக்கு ஒரு வரி எழுதிவைத்தேன்:
டிஸ்க் வந்த பிறகே நீ எழு,
வராவிட்டால் படுத்தே கிட.

முப்பத்தெட்டு சதவீதம் இப்போது.
பதினோரு நொடி தாண்டியது. பன்னிரண்டு. நூறு.

விரல் எப்படி இருக்கிறது, என்று அனுப்பினேன்.
ஒற்றை டிக். நீ இன்னும் கடலில்.
துணி மூட்டை மூன்று நாளாகக் காத்திருக்கிறது,
சர்வரைத் தூக்கித் தரையில் வைத்தேன்.
இருட்டை ஓடவிட்டேன், சத்தத்தைக் கூட்டி,
துவைக்க ஆரம்பித்தேன்.